வைஃபை எட்டாத தோட்டத்துல இருந்து சென்சார் டேட்டாவ வீட்டுக்கு கொண்டு வர்றது எப்படி: லோரா முழு வழிகாட்டி

தோட்டத்துல ஒரு தரைத்தொட்டி இருக்கு, போர் மோட்டார் அதுல தண்ணிய நிரப்பும், அங்க இருந்து சொட்டுநீருக்கு போகும். வீடு ஒரு கிலோமீட்டர் தள்ளி. தொட்டில எவ்ளோ தண்ணி இருக்குன்னு பாக்க தினமும் வண்டி எடுத்துட்டு போகணும். பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு வச்சிருக்கவங்க யாரக் கேட்டாலும் இந்தக் கதை தெரியும். இந்த வழிகாட்டில அந்த தண்ணி மட்டத்த 15 நிமிஷத்துக்கு ஒருதடவை அளந்து, வயர் இல்லாம, சிம் கார்டு இல்லாம வீட்டுக்கு கொண்டு வந்து கூகுள் ஷீட்ல போடுறது வரைக்கும் முழுசா சொல்றேன். தொட்டிக்கு பதிலா மண் ஈரம், மழை அளவு, கோழிப்பண்ணை வெப்பம்னு எத வேணா வச்சுக்கலாம், சென்சார் மட்டும்தான் மாறும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன், ஏன்னா நெட்ல இருக்க பெரும்பாலான டுட்டோரியல் இத விட்டுடுது. ரேடியோ சிக்னல்னா நடுவுல தொலையும், மழை வரும், கரண்ட் போகும், வீட்டு ரவுட்டர் தொங்கும். அதனால "அனுப்பு, வந்தா வந்துச்சு"ன்னு எழுதாம, தொலைஞ்சாலும் டேட்டா திரும்பி கிடைக்கிற மாதிரி முதல்லயே டிசைன் பண்ணணும். அது ஒண்ணும் கஷ்டம் இல்ல, பாக்கெட்ல (ஒரு தடவ அனுப்புற டேட்டா கட்டு) சில பைட் கூட போகும், அவ்ளோதான்.

ஏன் லோரா

ஈஎஸ்பி32-ங்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டுலயே வைஃபை இருக்கு, ரவுட்டர் இல்லாம போர்டுக்கு போர்டு பேசுற ஈஎஸ்பி-நவ் இருக்கு, அத வச்சு பண்ணலாமேன்னு தோணும். வீட்டுக்குள்ள, மொட்டை மாடி டேங்குக்கு அது போதும், தாராளமா பண்ணுங்க. ஆனா அதெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ், மரமும் இலையும் அத நல்லா உறிஞ்சிடும், தோப்புக்குள்ள சீக்கிரமே செத்துடும். என்ஆர்எஃப்24 ரேடியோ மாட்யூலுக்கும் அதே கதை. சிம் போடுற ஜிஎஸ்எம் மாட்யூல் வேலை செய்யும்தான், ஆனா மாசாமாசம் ரீசார்ஜ், அனுப்பும்போது 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், அதுவும் விலை கம்மியான மாட்யூல் எல்லாம் 2ஜி, ஜியோல 2ஜி-யே கிடையாது.

லோராங்கிறது செம்டெக் கம்பெனியோட ரேடியோ முறை, 2012-ல சைக்கிளியோன்னு ஒரு பிரெஞ்சு கம்பெனிய வாங்கினதுல இருந்து அவங்ககிட்ட இருக்கு. ஃப்ரீக்வென்சிய மெதுவா மேல ஏத்திக்கிட்டே போற 'சர்ப்' மாதிரி சிக்னல் அனுப்பும், அதனால இரைச்சலுக்கு கீழ புதைஞ்சு கிடக்குற சிக்னலக் கூட ரிசீவர் கண்டுபிடிச்சிடும். வேகம் ரொம்ப கம்மி, போட்டோ எல்லாம் அனுப்ப முடியாது, நமக்கு தேவை நாலு நம்பர்தான்.

இந்தியால 865-ல இருந்து 868 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம் (முன்னாடி 867 வரைக்கும்தான் இருந்துச்சு, 2021-ல நீட்டினாங்க). டிரான்ஸ்மிட்டர் பவர் 1 வாட், பேண்ட்விட்த் 200 கிலோஹெர்ட்ஸ்க்குள்ள இருக்கணும், நாம 125 கிலோஹெர்ட்ஸ், 50 மில்லிவாட்லதான் ஓட்டப்போறோம், அதனால கவலை இல்ல. வாங்கும்போது 868-ன்னு போட்ட மாட்யூல் வாங்கி கோடுல 866 மெகாஹெர்ட்ஸ்னு செட் பண்ணுங்க. 915-க்கு டியூன் பண்ணினது, 433-க்கு டியூன் பண்ணினதெல்லாம் பாக்க ஒரே மாதிரி இருக்கும், கடைக்காரர்கிட்ட கேட்டு வாங்குங்க. வெளிநாட்ல இருந்து படிக்கிறவங்க உங்க நாட்டு பேண்ட் எதுன்னு பாத்துக்கோங்க, சிங்கப்பூர்ல எல்லாம் 920 பக்கம் இருக்கும்.

என்னென்ன வேணும்

தோட்டத்து பக்கம் (இத இனிமே நோடுன்னு சொல்றேன்): ஆர்டுயினோ ப்ரோ மினி 3.3 வோல்ட் 8 மெகாஹெர்ட்ஸ் வெர்ஷன், ஆர்எஃப்எம்95 லோரா மாட்யூல், தண்ணி புகாத அல்ட்ராசோனிக் சென்சார் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி, டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், ஏஓ3401 மாஸ்ஃபெட் (சென்சார் பவர ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச் மாதிரி) ஒண்ணு, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு, 100 கிலோ ஓம் ஒண்ணு, 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், 1500 மில்லி ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் (இரும்பு) பாஸ்பேட் செல், மழை புகாத பெட்டி. வீட்டு பக்கம்: ஈஎஸ்பி32 போர்டு, இன்னொரு ஆர்எஃப்எம்95, ஒரு நல்ல ஆன்டெனா.

ஏன் நோடுலயும் ஈஎஸ்பி32 போடலன்னு கேப்பீங்க. டீப் ஸ்லீப்ல சிப் கம்மியாதான் குடிக்கும், ஆனா கடைல கிடைக்கிற டெவலப்மென்ட் போர்டுல இருக்க ரெகுலேட்டரும் யுஎஸ்பி சிப்பும் எல்இடியும் சேந்து பல மில்லி ஆம்பியர் தின்னுடும். ப்ரோ மினில ரெண்டு பாகத்த எடுத்துட்டா 6 மைக்ரோ ஆம்பியர் பக்கம் வந்துடும், அது எப்படின்னு பின்னாடி சொல்றேன்.

பேட்டரி விஷயத்துல என் கருத்து உறுதியா ஒண்ணுதான், லித்தியம் அயர்ன் பாஸ்பேட். சாதா லித்தியம் அயன் செல் ஃபுல் சார்ஜ்ல 4.2 வோல்ட், ஆர்எஃப்எம்95-க்கு அதிகபட்சம் 3.7, அதனால நடுவுல ரெகுலேட்டர் வேணும், அந்த ரெகுலேட்டர் ராத்திரி பகலா கரண்ட் குடிக்கும். பாஸ்பேட் செல் ஃபுல்ல 3.6, மீதி நேரம் எல்லாம் 3.2 பக்கம், நேரா கனெக்ட் பண்ணலாம். சித்திரை வெயில்ல மூடின பெட்டிக்குள்ள கிடக்கப்போறதால சூட்ட தாங்குற வகைதான் நமக்கு வேணும். ஒரே ஒரு எச்சரிக்கை, எல்லாரும் வச்சிருக்க டிபி4056 சார்ஜர் போர்டு இதுக்கு ஆகாது, அது 4.2 வரைக்கும் ஏத்திடும். 3.6-க்கு செட் பண்ற வசதி இருக்க டிபி5000 மாதிரி ஒண்ணு வாங்குங்க.

ஸ்டெப் 1: வயரிங்

ஆர்எஃப்எம்95-ல பின்னுக்கு பின் இடைவெளி 2 மில்லிமீட்டர், ப்ரெட்போர்டுல 2.54, அதனால நேரா குத்த முடியாது. ஈஎஸ்பி-12 மாட்யூலுக்கு விக்கிற வெள்ளை அடாப்டர் போர்டு இதுக்கும் சரியா உக்காரும், விலையும் ரொம்ப கம்மி. ஆனா அந்த போர்டுல அச்சடிச்சிருக்க பின் பேரெல்லாம் ஈஎஸ்பி-க்கு உள்ளது, அத நம்பாம ஆர்எஃப்எம்95 டேட்டாஷீட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொரு பின்னையும் பாத்து சால்டர் பண்ணுங்க, அதுல ஏற்கனவே ரெசிஸ்டர் இருந்தா அதையும் எடுத்துடுங்க.

லோரா மாட்யூல்ல இருக்க ஒவ்வொரு பின்னும் போர்டுல எந்த நம்பர் பின்னுக்கு போகணும்னா, ப்ரோ மினி பக்கம் மோசி 11, மிசோ 12, எஸ்சிகே 13, என்எஸ்எஸ் 10, ரீசெட் 9, டிஐஓ0 வந்து 2. ஈஎஸ்பி32 பக்கம் எஸ்சிகே 18, மிசோ 19, மோசி 23, என்எஸ்எஸ் 5, ரீசெட்டுக்கும் டிஐஓ0-க்கும் காலியா இருக்க எந்த பின் வேணா எடுத்துக்கலாம், நான் 14-ம் 26-ம் வைப்பேன். 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர லோரா மாட்யூலோட பவர் பின்னுக்கு ஒட்டினாப்ல வைங்க, அனுப்புற நொடில 90 மில்லி ஆம்பியர் பக்கம் இழுக்கும், கெப்பாசிட்டர் இல்லன்னா வோல்டேஜ் சரிஞ்சு ப்ரோ மினி ரீசெட் ஆகும்.

ப்ரோகிராம் ஏத்துற யுஎஸ்பி கன்வெர்ட்டர்ல 3.3 / 5 வோல்ட் ஜம்பர் இருக்கும், அத 3.3-ல வச்சிருக்கீங்களான்னு பாத்துட்டு மட்டும் சொருகுங்க, 5 வோல்ட் போனா லோரா மாட்யூல் போச்சு. அதே மாதிரி ஆன்டெனா இல்லாம ஒருதடவ கூட டிரான்ஸ்மிட் பண்ணாதீங்க, போற பவர் எல்லாம் திரும்பி வந்து அவுட்புட் ஸ்டேஜ பதம் பாத்துடும்.

ஆன்டெனாவுக்கு காசு செலவு பண்ணணும்னு இல்ல. 866 மெகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் சுமார் 34.6 செ.மீ, அதுல கால்வாசி 8.6, வயர்ல கொஞ்சம் குறையும்கிறதால 8.2 செ.மீ நீளத்துக்கு ஒத்தக்கம்பி செம்பு வயர் வெட்டி ஆன்டெனா பின்ல நேரா நிமித்தி வச்சு சால்டர் பண்ணுங்க. கூடவே கிரவுண்ட் பின்ல அதே நீளத்துக்கு இன்னொரு வயர கீழ் பாத்து தொங்கவிட்டா ரேஞ்ச் இன்னும் நல்லா வரும்.

சென்சார் ரெண்டுக்கும் பவர நேரா குடுக்காம மாஸ்ஃபெட் வழியா குடுங்க, கேட் ப்ரோ மினி 7-ல, கேட்டுக்கும் பாசிட்டிவுக்கும் நடுவுல 100 கிலோ ஓம். 7-வது பின் லோ ஆனா சென்சார் ஆன். டிஎஸ்18பி20 டேட்டா 4-ல, அதோட 4.7 கிலோ ஓம் புல்அப் (டேட்டா வயர பவரோட இணைக்கிற ரெசிஸ்டர்) மாஸ்ஃபெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்க பவர்ல போகணும், பேட்டரிக்கு போகக்கூடாது. அல்ட்ராசோனிக் டிரிக்கர் 5, எக்கோ 6. அளந்து முடிச்சு பவர ஆஃப் பண்றப்போ 4, 5, 6 மூணையும் இன்புட்டா மாத்தி லோல விட்டுடுங்க, இல்லன்னா அந்த பின் வழியாவே கரண்ட் திருட்டுத்தனமா சென்சாருக்குள்ள போய்க்கிட்டே இருக்கும், பேட்டரி ஏன் சீக்கிரம் தீருதுன்னு தலைய பிச்சுக்கணும்.

ஜேஎஸ்என் சென்சார்ல வெர்ஷன் பாருங்க, பழைய 2.0 போர்டு 5 வோல்ட் கேக்கும், 3.0 வெர்ஷன் 3 வோல்ட்ல இருந்தே ஓடும், நமக்கு அதுதான் வேணும்.

ஸ்டெப் 2: மேஜை மேல முதல் பாக்கெட்

சென்சார் எல்லாம் அப்புறம். முதல்ல ரெண்டு போர்டையும் மேஜைல நாலடி தள்ளி வச்சு, ஒண்ணு நம்பர் அனுப்ப இன்னொண்ணு வாங்குற மாதிரி பண்ணுங்க. ஆர்டுயினோ ஐடிஇ லைப்ரரி மேனேஜர்ல லோரான்னு தேடினா சந்தீப் மிஸ்திரி எழுதின லைப்ரரி வரும், ரொம்ப எளிமையா இருக்கும், அதோட எக்சாம்பிள்லயே சென்டர் ரிசீவர் ரெண்டும் இருக்கு. ப்ரோ மினி பின் எல்லாம் லைப்ரரியோட டீஃபால்ட்டே, ஈஎஸ்பி32-க்கு மட்டும் பின் செட் பண்ற வரிய முதல்ல போடணும்.

ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்க வேண்டியது: ஃப்ரீக்வென்சி, ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (கீழ சொல்றேன்), பேண்ட்விட்த், சிங்க் வேர்ட் (நம்ம பாக்கெட்ட அடையாளம் காட்டுற எண்). இதுல ஒண்ணு மாறினாலும் எரர் எதுவும் வராது, சும்மா அமைதியா இருக்கும். பாக்கெட் வழில கெட்டுப்போச்சான்னு பாக்குற சிஆர்சி செக் இந்த லைப்ரரில டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும், ரெண்டு பக்கமும் ஆன் பண்ணுங்க, இல்லன்னா கெட்டுப்போன பாக்கெட்டும் நல்ல டேட்டா மாதிரி உள்ள வந்து ஷீட்ல தொட்டி 40 அடி ஆழம்னு காட்டும்.

'லோரா ஸ்டார்ட் ஆகல'ன்னு வந்தா பத்துக்கு ஒம்பது தடவ வயரிங்தான், மிசோ மோசி மாறியிருக்கும் இல்ல ரீசெட் பின் லூசா இருக்கும்.

ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்தான் முக்கியமான முடிவு. 7-ல இருந்து 12 வரைக்கும் இருக்கு, ஏத்த ஏத்த தூரம் கூடும், அனுப்புற நேரமும் கூடும், பேட்டரியும் அதுக்கேத்த மாதிரி போகும். நாம அனுப்பப்போற 17 பைட்டுக்கு கணக்கு போட்டா 7-ல சுமார் 51 மில்லிசெகண்ட், 9-ல 165, 12-ல 1.3 செகண்ட். எல்லாரும் எடுத்தவுடனே 12 போடுறாங்க, வேணாம், 9-ல ஆரம்பிங்க. ஒரு கிலோமீட்டருக்கு ஆன்டெனா உயரம் சரியா இருந்தா 9 போதும்.

ஸ்டெப் 3: சென்சார சரியா படிக்கிறது

அல்ட்ராசோனிக் சென்சார் தூரத்த அளக்கல, சத்தம் போய் திரும்பி வர்ற நேரத்ததான் அளக்குது. சத்தத்தோட வேகம் வெப்பத்தப் பொறுத்து மாறும், விநாடிக்கு 331.3 மீட்டரோட டிகிரிக்கு 0.606 கூட்டிக்கணும். காலைல தொட்டி மூடிக்கு கீழ 20 டிகிரி, மத்தியானம் 40 டிகிரின்னு வச்சுக்கங்க, ரெண்டு மீட்டர் தூரத்துல இந்த வித்தியாசம் மட்டுமே 7 செ.மீ. தண்ணி ஒரு சொட்டு கூட மாறாம கிராஃப்ல தினமும் ஏறி இறங்கும், தொட்டி ஒழுகுதுன்னு நினைச்சு கொத்தனார கூட்டிட்டு வந்துடுவீங்க. அதுக்குதான் அந்த டிஎஸ்18பி20, அத தண்ணில போடாதீங்க, அல்ட்ராசோனிக் பக்கத்துல காத்துல தொங்கணும்.

ஒரு உதாரணம். எக்கோ 8,600 மைக்ரோசெகண்ட், வெப்பம் 31.5 டிகிரி. வேகம் 350.4, பெருக்கி பாதியாக்கினா 150.7 செ.மீ. வெப்பத்த கண்டுக்காம 343-ன்னு வச்சிருந்தா 147.5-ன்னு வந்திருக்கும். சென்சார்ல இருந்து தொட்டி அடி 240 செ.மீன்னா தண்ணி 89.3.

இந்தக் கணக்க நோடுல பண்ணாதீங்க. நோடு மைக்ரோசெகண்டையும் வெப்பத்தையும் அப்படியே பச்சையா அனுப்பட்டும், கணக்கெல்லாம் வீட்ல ஈஎஸ்பி32 பண்ணட்டும். நாளைக்கு தொட்டி ஆழம் தப்பா அளந்திருந்தா இல்ல ஃபார்முலா மாத்தணும்னா வீட்ல உக்காந்தே மாத்தலாம், பழைய டேட்டாவையும் திருப்பி கணக்கு பண்ணிக்கலாம், ஏணி தூக்கிட்டு தோட்டத்துக்கு போக வேணாம்.

ஒரு தடவ அளந்து நம்பாதீங்க, 60 மில்லிசெகண்ட் இடைவெளில அஞ்சு தடவ அளந்து வரிசைப்படுத்தி நடுவுல இருக்கறத எடுங்க. சராசரி வேணாம், ஒரே ஒரு தப்பான எக்கோ சராசரிய கெடுத்துடும், நடு மதிப்ப அசைக்க முடியாது. சென்சார் முகத்துல இருந்து முதல் 25 செ.மீ. அதுக்கு கண்ணு தெரியாது, அதனால தொட்டி நிரம்பி வழியிற மட்டத்துல இருந்து குறைஞ்சது 30 செ.மீ. மேல மாட்டுங்க, தொட்டிச் சுவரையும் தண்ணி விழற பைப்பையும் விட்டு தள்ளி. டிஎஸ்18பி20-ல 9 பிட் ரெசல்யூஷன் போதும், அரை டிகிரி துல்லியம், 94 மில்லிசெகண்ட்ல முடிஞ்சிடும், 12 பிட்டுன்னா 750 ஆகும். 85-ன்னு வந்தா சென்சார் இன்னும் அளந்து முடிக்கலன்னு அர்த்தம், மைனஸ் 127-ன்னு வந்தா வயர் விட்டுப்போச்சு, ரெண்டையும் டேட்டாவா சேக்காதீங்க.

பேட்டரி வோல்டேஜுக்கு தனி சர்க்யூட் வேணாம், ப்ரோ மினில இருக்க சிப்புக்கு உள்ளேயே 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒண்ணு இருக்கு, அத சப்ளை வோல்டேஜோட ஒப்பிட்டு அளந்தா தலைகீழா கணக்கு போட்டு பேட்டரி தெரிஞ்சிடும். அந்த 1.1 சிப்புக்கு சிப்பு கொஞ்சம் மாறும், மல்டிமீட்டர் வச்சு ஒருதடவ சரிபண்ணிக்கங்க.

ஸ்டெப் 4: தொலையாத பாக்கெட்

முதல்ல சொன்ன விஷயம் இங்கதான் வருது. ஒவ்வொரு பாக்கெட்லயும் இப்போ அளந்தது மட்டும் இல்லாம, முந்தின மூணு அளவும் சேந்தே போகணும். ஒரு நாள் முழுக்க பாக்கெட் ஒண்ணு விட்டு ஒண்ணு தொலைஞ்சாலும் உங்க ஷீட்ல ஓட்டை விழாது, தொடர்ந்து மூணு பாக்கெட் தொலைஞ்சாலும் நாலாவது வந்து எல்லாத்தையும் நிரப்பிடும். வாங்கினேன்னு ரிசீவர் பதில் அனுப்புற முறையும் இருக்கு, ஆனா அதுக்கு நோடு முழிச்சு காத்திருக்கணும், கோடும் சிக்கலாகும், ஒரு தொட்டிக்கு அது தேவையில்ல.

பாக்கெட் அமைப்பு: முதல் பைட் நோடு நம்பர், அடுத்த ரெண்டு வரிசை எண், அடுத்த ரெண்டு பேட்டரி மில்லிவோல்ட்ல, அப்புறம் நாலு அளவு, ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட் (எக்கோ ரெண்டு பைட், வெப்பம் ஒரு பைட், ரெண்டால பெருக்கினது, 31.5 டிகிரின்னா 63). மொத்தம் 17. எக்கோ 8,600-ஐ 256-ஆல வகுத்தா ஈவு 33, மீதி 152, இந்த ரெண்டு பைட்தான் போகும், அந்தப் பக்கம் 33-ஐ 256-ஆல பெருக்கி 152 கூட்டினா திரும்பி 8,600. போர்டு இப்பதான் ஆன் ஆச்சுன்னா பழைய அளவு இருக்காது, அங்க 0 போடுங்க, ரிசீவர் 0-வ கண்டா விட்டுடட்டும்.

கோடு எழுதத் தெரிஞ்சவங்க ஒரு ஸ்ட்ரக்ட் எழுதி அத அப்படியே அனுப்பிடலாம்னு நினைப்பாங்க. ப்ரோ மினி 8 பிட், ஈஎஸ்பி32 32 பிட். ப்ரோ மினில ஒரு இன்ட் ரெண்டு பைட், ஈஎஸ்பி32-ல நாலு, அதுபோக ஈஎஸ்பி32 நடுவுல காலி பைட் சொருகி இடத்த மாத்திடும், வர்ற நம்பர் எல்லாம் கண்டபடி இருக்கும். பைட் பைட்டா கையால அடுக்குறது கொஞ்சம் நீளம்தான், ஆனா அதுல சந்தேகத்துக்கே இடம் இல்ல. 'லெவல்=89'-ன்னு எழுத்தா அனுப்புறதும் வேணாம், பைட் வீண்.

ஸ்டெப் 5: தூங்க வைக்கிறது

ப்ரோ மினில பவர் எல்இடியையும் ரெகுலேட்டரையும் சால்டரிங் அயர்ன் வச்சு எடுத்துடுங்க, பேட்டரிய விசிசி பின்ல நேரா குடுங்க. கோடுல லோ பவர் லைப்ரரி போட்டு, லோரா மாட்யூல ஸ்லீப் பண்ணிட்டு, ஏடிசி (வோல்டேஜ் அளக்குற பகுதி) ஆஃப், பிரவுன் அவுட் (வோல்டேஜ் குறைஞ்சா ரீசெட் பண்ற பகுதி) ஆஃப்னு குடுத்து 8 செகண்ட் தூங்க வைங்க. வாட்ச்டாக் டைமரால அதிகபட்சம் 8 செகண்ட்தான் ஒரே மூச்சுல தூங்க முடியும், அதனால 112 தடவ சுத்துங்க, 896 செகண்ட், கிட்டத்தட்ட 15 நிமிஷம். இந்த டைமர் வெப்பத்துக்கு தகுந்த மாதிரி ஓடும், சரியா 15 நிமிஷம் இருக்காது, நமக்கு அது பிரச்சினை இல்ல, நேரத்த ரிசீவர் குறிச்சுக்கும்.

தூங்குற கரண்ட்ட அளந்து பாக்காம பெட்டிய மூடாதீங்க. மல்டிமீட்டர மைக்ரோ ஆம்பியர் ரேஞ்ச்ல பேட்டரியோட சீரீஸ்ல போட்டா, போர்டு ஸ்டார்ட் ஆகும்போது மீட்டருக்குள்ளயே வோல்டேஜ் விழுந்து திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். அதுக்கு மீட்டர் ரெண்டு முனையையும் ஒரு ஜம்பர் வயரால ஷார்ட் பண்ணி வச்சு ஆன் பண்ணுங்க, பாக்கெட் போய் தூங்க ஆரம்பிச்சதும் ஜம்பர உருவுங்க, இப்போ மீட்டர்ல தெரியிறது உண்மையான தூக்கக் கரண்ட். 10-க்கு கீழ இருந்தா அருமை. 200, 300-ன்னு காட்டுச்சுன்னா ஏடிசி ஆஃப் ஆகல, மில்லி ஆம்பியர் கணக்குல காட்டுச்சுன்னா லோரா மாட்யூல் தூங்கல இல்ல சென்சார் பவர் ஆஃப் ஆகல.

கணக்கு போட்டுப் பாருங்க, ஒவ்வொரு தடவையும் சென்சாருக்கு அரை செகண்ட் 30 மில்லி ஆம்பியர், அனுப்ப 165 மில்லிசெகண்ட் 90 மில்லி ஆம்பியர், போர்டுக்கு கொஞ்சம், ஒரு நாளைக்கு 96 தடவ, தூக்கத்தையும் சேத்து சுமார் 1 மில்லி ஆம்பியர் அவர்தான் ஆகுது. 1500 செல்லுக்கு காகிதத்துல நாலு வருஷம், செல் தானா இறங்குறதையும் வெயிலையும் கழிச்சு பாதின்னு வச்சாலும் ரெண்டு வருஷம். அதனால சோலார் பேனல் இந்த நோடுக்கு தேவையே இல்லன்னு நான் சொல்வேன், பேனல் போட்டா அதுக்கு வயர், கனெக்டர், தூசி, தேங்கா விழற பயம்னு நாலு பிரச்சினை கூட வரும். பாஸ்பேட் செல் வோல்டேஜ் கடைசி வரைக்கும் 3.2-லயே நிக்கும், அப்புறம் சட்டுன்னு விழும், அதனால 3.1 வந்ததும் செல்ல மாத்தணும்னு ரிசீவர்ல அலெர்ட் வைங்க.

ஸ்டெப் 6: வீட்டு ரிசீவர்

ஈஎஸ்பி32 ரெண்டு வேலை பண்ணணும், ரேடியோவ கேக்கணும், வைஃபைல அனுப்பணும். கூகுள் ஷீட்டுக்கு அனுப்ப சில செகண்ட் ஆகும், அந்த நேரத்துல பாக்கெட் வந்தா தவறும். ஈஎஸ்பி32-ல ரெண்டு கோர் இருக்கு, ஒரு கோர்ல ரேடியோ டாஸ்க், இன்னொண்ணுல வைஃபை டாஸ்க், நடுவுல ஒரு க்யூ (பாக்கெட் வரிசைல காத்திருக்குற இடம்). ரேடியோ டாஸ்க் பாக்கெட்ட வாங்கி க்யூல போட்டுட்டு உடனே திரும்ப கேக்கப் போயிடணும்.

வாங்கினதும் நீளம் 17-ஆ, நோடு நம்பர் நம்மளுதான்னு பாருங்க, இல்லன்னா தூக்கிப் போடுங்க. அப்புறம் வரிசை எண். போன பாக்கெட் 300, இப்போ 301-ன்னா புதுசா ஒரே அளவு. 303-ன்னா நடுவுல ரெண்டு தொலைஞ்சிருக்கு, பாக்கெட்ல இருக்க பழைய ரெண்ட எடுத்து நேரத்த பங்கு போட்டு நிரப்புங்க. வித்தியாசம் நாலுக்கு மேல போச்சுன்னா மீதிய காலியா விடுங்க, இருக்கறத வச்சு குத்துமதிப்பா நிரப்பாதீங்க, டேட்டா இல்லன்னா இல்லன்னுதான் தெரியணும். எண் திடீர்னு சின்னதாச்சுன்னா நோடு ரீசெட் ஆயிருக்கு, அதையும் ஷீட்ல தனியா ஒரு நெடுவரிசைல (காலம்ல) குறிச்சு வைங்க.

ஷீட்டுக்கு அனுப்ப கூகுளோட ஆப்ஸ் ஸ்கிரிப்ட்ல சின்ன கோடு எழுதி வெப் ஆப்பா பப்ளிஷ் பண்ணிட்டா போதும், ஈஎஸ்பி32 அந்த லிங்க்க கூப்பிடும். அது ஒரு ரீடைரக்ட் குடுக்கும், ஹெச்டிடிபி கிளையன்ட்ல ரீடைரக்ட் ஃபாலோ பண்ணுன்னு செட் பண்ணலன்னா 302-ன்னு எரர் மாதிரி காட்டும். வீட்ல ராஸ்பெர்ரி பை வச்சிருந்தா மஸ்கிட்டோ (டேட்டாவ வாங்கி அனுப்புற சர்வர்), கிராஃபானா (கிராஃப் காட்டுறது)ன்னு அழகா பண்ணலாம், ஆனா அப்பா அம்மா போன்ல திறந்து பாக்க ஷீட்டே வசதி.

நெட் இல்லாத நேரத்துக்கு, வர்ற அளவ எல்லாம் முதல்ல ஈஎஸ்பி32-க்கு உள்ளேயே இருக்க லிட்டில்எஃப்எஸ் ஃபைல்ல எழுதிட்டு, அனுப்பி ஓகே ஆனதும் அழிக்கிற மாதிரி வைங்க. நேரம் என்டிபில (நெட்ல இருக்க நேர சர்வர்) இருந்து எடுங்க, கரண்ட் போய் வந்து நெட் வராம இருந்தா நேரம் தெரியாதுங்கிறதால டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒண்ணு சேத்துக்கிட்டா நிம்மதி. ஈஎஸ்பி32-வ ஒரு மினி யுபிஎஸ்ல ரவுட்டரோட சேத்து போடுங்க.

இன்னொண்ணு, டேட்டா வர்றத விட வராம போறதுதான் முக்கியமான செய்தி. ஒரு மணி நேரமா பாக்கெட் இல்லன்னா டெலிகிராம்ல மெசேஜ் வரட்டும். ஷீட்ல கடைசியா வந்த 89 செ.மீ. அப்படியே நின்னுக்கிட்டு இருக்கும், பாக்குறவங்க தண்ணி இருக்குன்னு நம்பிடுவாங்க.

ஸ்டெப் 7: ரேஞ்ச் டெஸ்ட்

நோட 10 செகண்டுக்கு ஒருதடவ அனுப்புற மாதிரி தற்காலிகமா மாத்தி கையில எடுத்துட்டு தோட்டத்துக்கு நடங்க, வீட்ல ரிசீவர் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னல் பலம், டிபிஎம் கணக்குல), எஸ்என்ஆர் (இரைச்சலோட ஒப்பிட்டா சிக்னல் எவ்ளோங்கிறது) ரெண்டையும் எழுதி வைக்கட்டும். ஸ்ப்ரெடிங் 9-ல மைனஸ் 129 டிபிஎம் வரைக்கும் பிடிக்கும்னு டேட்டாஷீட் சொல்லும், எஸ்என்ஆர் மைனஸ் 12.5 வரைக்கும் தாங்கும். அந்த விளிம்புலயே ஓட்டாதீங்க, 10 டிபியாவது மிச்சம் இருக்கணும், மழை பெஞ்சு இலையெல்லாம் ஈரமானா அந்த மிச்சம்தான் காப்பாத்தும்.

சிக்னல் பத்தலன்னா ஸ்ப்ரெடிங் ஃபேக்டர ஏத்துறதுக்கு முன்னாடி ஆன்டெனாவ ஏத்துங்க. ரேடியோ அலை ஒரு கோடு மாதிரி போகாது, நடுவுல உப்பின ஒரு இடம் அதுக்கு காலியா வேணும், 866 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு கிலோமீட்டருக்கு நடுவுல அந்த உப்பல் சுமார் 9 மீட்டர் ஆரம், அதுல அறுபது சதவீதமாவது தடை இல்லாம இருக்கணும். தரையில இருந்து ஒரடி உயரத்துல வச்ச நோடுக்கும் ஜன்னல் ஓரம் வச்ச ரிசீவருக்கும் இது கிடைக்காது. மொட்டை மாடி தண்ணி டேங்க் மேல ரிசீவர் ஆன்டெனாவ வைங்க, நோட தொட்டிப் பக்கம் ஒரு பிவிசி பைப்ல ரெண்டாள் உயரத்துக்கு தூக்குங்க, வித்தியாசம் கண்ணுக்கு தெரியும். மாடில இருந்து கீழ வரைக்கும் மெல்லிசான ஆன்டெனா கேபிள் இழுக்காதீங்க, ஆர்ஜி174 மாதிரி கேபிள்ல மீட்டருக்கு சுமார் 1 டிபி போயிடும். ஈஎஸ்பி32-வையே பெட்டில போட்டு மாடில வச்சு, கீழ இருந்து பவர் மட்டும் ஏத்துங்க.

ஸ்டெப் 8: பெட்டி

பெட்டிய வெள்ளையா எடுங்க, கேபிள் எல்லாம் அடிப்பக்கமா கிளாண்ட் (கேபிள இறுக்கிப் பிடிச்சு தண்ணிய தடுக்குற மூடி) வழியா போகணும், போற வயர் கீழ ஒரு வளைவு வளைஞ்சு மேல ஏறணும், தண்ணி அந்த வளைவுல சொட்டிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு உள்ள. எறும்பு, பல்லி ரெண்டும் வரும், சின்ன ஓட்டைக்கு கூட சிலிகான் அடிங்க. உலோகப் பெட்டி வேணாம், ஆன்டெனா உள்ள இருந்தா சிக்னல் வெளிய வராது. சென்சார் முகத்துல தண்ணித் துளி படிஞ்சா அளவு தாறுமாறா வரும், தொட்டி மூடில காத்து போக கொஞ்சம் இடைவெளி விடுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒருதடவ பெட்டிய திறந்து ரப்பர் சீல் காஞ்சிருக்கான்னு பாருங்க.

மோட்டாரையும் இதுலயே ஆன் ஆஃப் பண்ணலாமா

அடுத்த கேள்வி கண்டிப்பா இதுதான். முடியும், ஆனா மேல சொன்ன அமைப்ப அப்படியே வச்சு பண்ணாதீங்க. நம்ம பாக்கெட்ல பூட்டே கிடையாது, அதே ஃப்ரீக்வென்சில கேக்குற யாரு வேணா படிக்கலாம், பதிவு பண்ணி திருப்பி அனுப்பலாம். தண்ணி மட்டத்த யாரு பாத்தா என்ன, மோட்டார் அப்படி இல்ல. கட்டளை பாக்கெட்ட ஏஇஎஸ்ங்கிற ரகசியக் குறியீட்டு முறைல சாவி போட்டு பூட்டணும், ஒவ்வொரு கட்டளைக்கும் ஏறிக்கிட்டே போற எண் ஒண்ணு உள்ள இருக்கணும், பழைய எண் வந்தா மோட்டார் பக்கம் இருக்க ரிலே போர்டு (மோட்டார ஆன் ஆஃப் பண்றது) மதிக்கக்கூடாது. மோட்டார் ரூம்ல கரண்ட் இருக்கறதால அந்த போர்டு எப்பவும் கேட்டுக்கிட்டே இருக்கலாம், பேட்டரி கவலை இல்ல. ஃப்ளோட் சுவிட்சும் தண்ணி இல்லாம ஓடினா நிறுத்துற ட்ரை ரன் பாதுகாப்பும் ஸ்டார்ட்டர்லயே தனியா வயர்ல இருக்கணும், அது எந்த ரேடியோவையும் எந்த கோடையும் நம்பி இருக்கக்கூடாது. ஸ்டார்ட்டர் வயரிங்க எலக்ட்ரீஷியன் கையால பண்ணுங்க. கோடுல, 20 நிமிஷத்துக்குள்ள 'இன்னும் ஓடட்டும்'னு புது கட்டளை வரலன்னா தானா ஆஃப் ஆகணும். மோட்டாருக்கு பதிலா ஒரு பல்ப மாட்டி, ஆன் பண்ணிட்டு, வீட்ல இருக்க ஈஎஸ்பி32 பிளக்க உருவிப் பாருங்க, 20 நிமிஷத்துல பல்பு தானா அணையணும், அணைஞ்சா மட்டும் ஸ்டார்ட்டர்ல கனெக்ட் பண்ணுங்க.